சாயத்தாரும் ஒரு சிவப்பு வட்டமும்

குண்டு போட வந்த விமானத்தை அண்ணாந்து பார்த்து, நிறம் பிழை என்று குறை சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் சாயத்தார்.

பொம்மர் இரைகிற சத்தம் கேட்டால் ஒழுங்கைச் சனம் முழுவதும் பங்கர் குழிக்குள் பாயும். சாயத்தார் மட்டும் முற்றத்தில் நின்று, நெற்றியில் கையை வைத்து மேலே பார்ப்பார். அவருடைய தமக்கை பங்கருக்குள் இருந்தபடி முருகனையும் தம்பியையும் மாறி மாறிக் கூப்பிடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நான் எட்டி அவருடைய சாரத்தைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். விழுந்த மனுசன் மண்ணைத் தட்டிவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

"அடிப்பக்கத்துக்கு உந்தச் சாம்பல் சரிவராது தம்பி. எங்கடை வானத்துக்கு இன்னும் கொஞ்சம் நீலம் வேணும்."

நல்லகாலம், அவங்கள் இவரிடம் யோசனை கேட்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் இருட்டுக்குள் முணுமுணுத்தார். வெளியே குண்டு விழ, உள்ளே நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றுக்கும் காரணம், சண்டையில் கொழும்புப் பாதை பூட்டுப்பட முன்னர் லண்டனிலிருந்து அவருடைய தமையன் அனுப்பிய ஒரு பெட்டி. அதற்குள் துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் போர்விமானம். ஒட்டி முடித்தால் இரண்டு உள்ளங்கை அளவு வரும். ஒட்டுவதைச் சாயத்தார் ஒரு கிழமையில் முடித்துவிட்டார். நிறம் பூசுவதில்தான் வில்லங்கம். பெட்டியிலிருந்த படம் ஐரோப்பாவில் பறந்த விமானத்துக்கு உரியது. அவருக்கு வேண்டியதோ, வெள்ளைக்காரன் ஆண்ட இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பலாலி விமானத்தளத்தில் வந்திறங்கிய விமானத்தின் நிறம். அது என்ன பச்சை, என்ன மண்ணிறம் என்று தெரியாமல் தூரிகையைத் தொடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். விமானம் வருடக்கணக்காக அலுமாரிக்கு மேல் அம்மணமாகவே கிடந்தது.

அந்தக் காலத்தில் பலாலியில் கூலிவேலை செய்த கிழவர்களைத் தேடிச் சைக்கிளில் திரிந்தார். அவர்களைக் கேட்டால் "பச்சைதான் தம்பி" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. ஆகவே ஒரு பை நிறைய இலைகள் கொண்டுபோவார். முருங்கை, பூவரசு, பழுத்த பலா, வெற்றிலை, காய்ந்த பனை வடலி ஓலை. கிழவர்கள் சரியானதை எடுத்துக் காட்டவேண்டும். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் யோசித்து, வெற்றிலையொன்றைத் தூக்கி, இதுதான் என்றார். சாயத்தாருக்குப் புல்லரித்தது. பெரியவர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தபடியே, அதற்குச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கடையில் ஆணிக்கே தட்டுப்பாடான காலம், பெயின்ருக்கு எங்கே போவது? சிரட்டைக்கரி, சலவைக்கு நீலம், மஞ்சள், வேப்பம் பிசின் என்று வீட்டில் அகப்பட்டதையெல்லாம் அரைத்தார். மண்ணிறத்துக்கு உரும்பிராய்ச் செம்பாட்டு மண். அதுவும் தோட்டத்துக்குத் தோட்டம் நிறம் மாறுமாம். வரம்பு வரம்பாகக் குந்தியிருந்து மருந்துக் குப்பிகளில் அள்ளினார். மண் பார்க்கிறவர் காணி வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. காணி வாங்குகிறவருக்கு அடுத்தது கலியாணம்தானே என்று தரகர் சாதகம் கேட்டு வந்துவிட்டார்.

சாயத்தாருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை வந்த சம்பந்தங்கள் எல்லாம் இந்த நிற விசரால் குழம்பியவை. இம்முறை பெண் உரும்பிராய்ப் பள்ளிக்கூட ரீச்சர். மண் அள்ளும்போது அந்த வழியால் சைக்கிளில் வந்து, இது என்னத்துக்கு என்று கேட்டவளாம். "அந்தப் பிள்ளை ஒண்டுதான் தம்பி சிரிக்காமல் கேட்டது" என்று அவர் என்னிடம் சொன்னபோது கையிலிருந்த மண் குப்பியைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். இது குழம்பினால் மனுசன் உடைந்துபோவார் என்று எனக்கு விளங்கியது.

பெண் பார்க்கப் போனபோது தமக்கை என்னையும் கூட்டிப்போனார். தம்பி வாய் திறந்தால் காலை மிதிப்பது என் வேலை. பெண்ணின் தகப்பன் மலாயாப் பென்சன்காரர். பேச்சு நல்லாய்த்தான் போனது. பிறகு அவர் மலாயாவில் தான் வேலை பார்த்த கந்தோருக்கு மேலால் பறந்த வெள்ளைக்காரன் விமானங்களைப் பேச்சுக்குள் இழுத்தார்.

"செட்டையிலை நடுவிலை சிவப்பு வட்டம், சுத்திவர வெள்ளை, அதுக்கு வெளியாலை நீலம். என்ரை கண்ணாலை கண்டனான்."

நான் மிதித்தேன். பலனில்லை.

"எங்கடை பக்கம் சிவப்பு இல்லை ஐயா. அழிச்சுப்போட்டு வெள்ளை அடிச்சவங்கள். ஜப்பான்காரன்ரை பிளேனிலை சிவப்பு வட்டம். ரெண்டிலையும் சிவப்பு இருந்தால் வெள்ளைக்காரன் அவசரத்திலை தன்ரை பிளேனையே சுட்டுப்போடுவான்."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?" தகப்பன் எழும்பிவிட்டார். தமக்கை முகட்டைப் பார்த்தார்.

ரீச்சர் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார். "எப்ப அழிச்சவை?" என்று சாயத்தாரையே நேரே கேட்டார்.

"ஜப்பான்காரன் சண்டைக்கு இறங்கினாப் பிறகு."

"அப்பா கண்டது அதுக்கு முந்தி. ரெண்டு பேரும் சரி. தேத்தண்ணி ஆறுது."

எல்லோரும் ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தோம்.

மறுநாள் தரகர் சம்மதத்தோடு வந்தார். பெண்ணுக்குப் பூரண விருப்பம். தகப்பனுக்கு ஒரேயொரு நிபந்தனை: மருமகன் செய்கிற விமானத்தில் சிவப்பு வட்டம் இருக்கவேண்டும்.

சாயத்தார் சோறு தண்ணி இல்லாமல் முற்றத்தைச் சுற்றினார். அப்படியென்றால் மலாயா விமானமாகவே பூசிவிடுங்கோ அண்ணை என்றேன். இந்த ரகம் அந்த நேரம் மலாயாவுக்குப் போகவேயில்லை என்றார். தப்பிக்க வேலியில் ஒரு பொட்டும் இல்லை. ஒரு சொட்டுச் சிவப்புக்காக ஒரு பெண்ணை விடுவாயோ என்று தமக்கை அழுதார். அவர் திரும்பவும் முற்றத்தைச் சுற்றப் போனார்.

கலியாணத்துக்குக் கிட்டவாக ஒருநாள் போனேன். விமானம் மேசையில் நின்றது. மேலே வெற்றிலைப் பச்சையும் உரும்பிராய் மண்ணும். கீழே எங்கள் வானம். செட்டையின் வெள்ளைக்கு நடுவில் பளபளவென்று ஒரு சிவப்பு வட்டம். ரீச்சர் தன்னிடம் மிச்சமிருந்த கியூடெக்ஸை, நகத்துக்குப் பூசாமல், தரகரிடம் குப்பியோடு கொடுத்தனுப்பியிருந்தார்.

நான் கேட்க முன்னமே அவரேதான் சொன்னார்:

"பிழைதான் தம்பி. ஆனா வடிவாக் கிடக்கு."

எனக்கு அந்த மனுசன்மேல் அப்படியொரு பாசம் வந்தது. அவருடைய தோளில் கையைப் போட்டபடி, அந்தப் பிழையை இரண்டு பேருமாக நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.