ஆம்ப்ரோஸ் வீட்டு ஆபீஸ் லைன்

மனைவியை இனி வாயால் தடுப்பதில்லை என்று ஆம்ப்ரோஸ் முடிவெடுத்தார்.

வாயால் தடுத்துப் பார்த்தாகிவிட்டது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் வீட்டு ஹாலில் ஒரு கோப்பி ஆறுவதற்குள் வரிசையாகத் தோற்றிருந்தார். முதலில் "மானம்" என்றார்.

"ஏங்க, சம்பளம் வாங்கினா மானம் கொறஞ்சிடுமா? அப்ப உங்களுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றாள் ஜோசபின்.

"பிள்ளைங்க" என்றார்.

"பிள்ளைங்க ஸ்கூல்ல. நான் வீட்ல இருந்து யாரை வளர்க்குறது? உங்க மீன்தொட்டியையா?"

"நான் சம்பாதிக்கலையா?" என்று கடைசியில் நெஞ்சில் கை வைத்தார்.

"நான் தடுத்தேனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பதில் கிடையாது. பதில் கிடையாது என்று தெரிந்த பிறகும் "கூடாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும் ஓர் இனம் இந்த உலகத்தில் இருக்கிறது. அதற்கு மீசை உண்டு, மாதச் சம்பளம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசை உண்டு. நியாயம் மட்டும்தான் கிடையாது.

அப்படி என்ன கேட்டுவிட்டாள் ஜோசபின்? டோபி காட் பக்கம் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, நேர்முகத்தில் பேசிக் காட்டி, அவளே பிடித்த வேலை. முதல் தேதி சேரவேண்டும். உண்மையைச் சொன்னால் அவள் கேட்கவே இல்லை, சொன்னாள். ஆம்ப்ரோஸுக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது அதுதான்.

அந்த வாரம் ராபின்சன் ரோட்டில் அவர் குமாஸ்தாவாக இருந்த கப்பல் ஏஜென்சியில் மேசைப் போன்களையெல்லாம் மாற்றினார்கள். இது எழுபத்தொன்பதில். பழைய போன்கள் ஸ்டோர் ரூமில் ஆமைகளைப்போல் குவிந்து கிடந்தன. சாதாரண ஆமைகள் அல்ல. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வரிசைப் பொத்தான், பொத்தானுக்குள் விளக்கு, ஓரத்தில் சிவப்பாக ஒரு 'ஹோல்ட்'. கட்டைவிரல் தடிமனுக்கு வால். ஆம்ப்ரோஸ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கைக்குழந்தை கனம் கனத்தது. மூளையில் ஒரு விளக்கு எரிந்தது.

கேட்டு வாங்கிக்கொண்டு நேரே சிராங்கூன் ரோட்டுக்குப் பஸ் ஏறினார். டன்லப் ஸ்திரீட்டில் சேக் தாவூது ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கால்பந்து மேட்சுக்கு ஆம்ப்ரோஸோடு சேர்ந்து போய்த் தொண்டை கட்டிக்கொள்ளும் கூட்டாளி.

தாவூது வாலைப் பிரித்தார். உள்ளே நூல்கண்டுபோல் வண்ண வண்ணமாகக் கம்பிகள்.

"அண்ணே, இது வீட்ல வேலை செய்யாது."

"ஏன் பாய்?"

"வீட்டு லைனுக்கு ரெண்டு கம்பி போதும். இதுக்கு இந்தக் கூட்டமே வேணும். உங்க ஆபீஸ்ல பின்னாடி ரூம்ல பீரோ மாதிரி ஒரு பெட்டி இருக்கும்ல? லைட்டுக்கும் மணிக்கும் அதுலேர்ந்துதான் கரண்டு. பெட்டி இல்லாட்டி இது பேப்பர்மேல வைக்கிற கல்லு, அவ்வளவுதான் லா."

"பேச வேணாம் பாய். மணி அடிச்சா போதும்."

தாவூது நிமிர்ந்து பார்த்தார். "போன் பேச வேணாமா?"

"எங்க வீட்ல பேசறதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு."

தாவூது சிரித்துக்கொண்டே போனின் வயிற்றைத் திறந்தார். டார்ச் லைட் பேட்டரி வைத்தார், வாசல் மணி ஒன்றைப் பொருத்தினார், அடியில் விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பொத்தான். அழுத்தினால் கடையே அதிர்ந்தது. விளக்கும் எரிந்தது.

மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், லேஸ் துணிமேல், போன் குடியேறியது. வால் அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது. எதிர்வீட்டுப் பூவம்மா, கீழ்மாடிக்காரர்கள், பூசைக்கு வந்த பாதி ஜனம், பங்குச் சாமியார் உட்பட எல்லோருக்கும் சேதி போயிற்று: ஆம்ப்ரோஸுக்கு ஆபீஸிலிருந்து வீட்டுக்கே நேர் லைன்.

"பெரிய பாஸ் மிஸ்டர் குவெக் எப்ப வேணாலும் கூப்பிடுவார்" என்று ஜோசபினிடம் விளக்கினார். "வெளிய பேச முடியாது. உள்ள வர்றது மட்டும்தான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆள் பக்கத்துலயே இருக்கணும். எடுக்க ஆள் இல்லேன்னா என் பிரமோஷன் போச்சு."

ஜோசபின் கண்களை அகல விரித்துக்கொண்டு போனைச் சுற்றி வந்தாள். மாலை வகுப்பில் இதைவிடப் பெரியவற்றை எல்லாம் விரல் நுனியில் ஓட்டியவள் என்பது ஆம்ப்ரோஸுக்கு எப்படியோ மறந்துபோயிற்று. மனைவி படித்ததை மறப்பது கணவன்மார்களுக்குக் கைவந்த கலை.

"இத்தனை பட்டன் எதுக்குங்க?"

"இது சிங்கப்பூர். இது பினாங்கு. இது... கப்பல்."

"கப்பலுக்கேவா! கரண்டு? பிளக்கையே காணோமே?"

"ஆபீஸ்லேர்ந்தே வரும்."

"ராபின்சன் ரோட்லேர்ந்து குவீன்ஸ்டவுனுக்கா?"

"ம்."

"அப்ப நம்ம கரண்ட் பில்லையும் அவங்களையே கட்டச் சொல்லுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை பூவம்மா வந்திருந்த நேரமாகப் பார்த்து மணி அடித்தது. ஆம்ப்ரோஸ் எழுந்து நின்று பேசினார். "எஸ் மிஸ்டர் குவெக்! நோ மிஸ்டர் குவெக்! உடனே மிஸ்டர் குவெக்!" பூவம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தானும் எழுந்து நின்றாள். போனை வைத்த ஆம்ப்ரோஸ் நெற்றியைத் துடைத்தார்.

"பார்த்தியா ஜோசபின்? ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டேங்கிறார். நீ வேலைக்குப் போனா இதை யாரு பார்க்கிறது?"

"நியாயம்தாங்க" என்றாள் ஜோசபின்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவர் கேட்டிராத சொல். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பதிலாக ஆட்டிறைச்சி வாங்கிவரக் கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். குளியலறையில் ஆம்ப்ரோஸ். தலையில் சோப்பு. உதட்டில் பாட்டு.

மணி அடித்தது.

பாட்டு நின்றது. காதில் சோப்பு போய்விட்டது என்று நினைத்தார். மறுபடியும் அடித்தது. அந்தப் போன்! பேச்சுமூச்சு இல்லாத போன்! தொட ஆள் இல்லாமல் தானாக அடிக்கிறது! சோப்புத் தண்ணீருக்குள் நின்றபடி அவருக்கு வியர்த்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் நுரை எரிய, சுவரைத் தடவியபடி ஹாலுக்கு ஓடிவந்தார்.

ஜோசபின் முதுகை நேராக்கி உட்கார்ந்திருந்தாள். ரிசீவர் காதில். அவர் இதுவரை கேட்டிராத ஒரு குரல், பட்டுத்துணியை உதறினாற்போல்:

"குட் ஈவினிங், மிஸ்டர் குவெக்... ஓ, தேங்க் யூ, மிஸ்டர் குவெக்... ஜஸ்ட் எ மொமென்ட், பிளீஸ்."

சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினாள். "வந்துட்டீங்களா? பெரிய பாஸ்."

"யா... யாரு?"

"எத்தனை பாஸ்ங்க உங்களுக்கு? மிஸ்டர் குவெக். என்கிட்ட பேச வேண்டியதைப் பேசிட்டார். உங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

திறந்திருந்த வாசலில் பூவம்மா. மணிச் சத்தம் கேட்டு வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கீழ்மாடிக்காரி ஒருத்தி. துண்டோடு நிற்கும் மனிதரைப் பார்த்து யாரும் கண்ணை மூடவில்லை. பெரிய பாஸ் லைனில் இருக்கும்போது துண்டெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியும்?

"எடு தம்பி! பெரியவரைக் காக்க வைக்கலாமா?" என்றாள் பூவம்மா.

ஆம்ப்ரோஸ் ரிசீவரை வாங்கினார். இது வேலை செய்யாது. பெட்டி இல்லை. கரண்டு இல்லை. தாவூது தன் கையாலேயே வயிற்றைத் திறந்து காட்டினார். ஆனால் அடித்ததே! ஒருவேளை... காதில் வைத்தார். உள்ளே கல்லறை அமைதி.

"ம், பேசுங்க" என்றாள் ஜோசபின்.

வாசலில் கண்கள் கூடிக்கொண்டிருந்தன.

"கு... குட் ஈவினிங், சார்" என்றார் ஆம்ப்ரோஸ், ஒன்றுமில்லாததைப் பார்த்து. "எஸ் சார். ஓகே சார்." வைத்துவிட்டார். நுரை மூக்கிலிருந்து சொட்டியது.

"என்கிட்ட சொன்னதைத்தானே உங்ககிட்டயும் சொன்னார்?"

"ஆ... மா."

"நீங்களும் ஓகே சொல்லிட்டீங்க?"

"ஆமா..."

"கேட்டீங்களா பூவம்மாக்கா!" ஜோசபின் கையைத் தட்டினாள். "இப்படிப்பட்ட குரலை வீட்டுக்குள்ள பூட்டி வைக்கிறது பாவமாம். முதல் தேதி ஹோட்டல்ல சேர்ந்தே ஆகணும்னு பெரிய பாஸே சொல்லிட்டார். இவரும் ஓகே சொல்லிட்டார்!"

"ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்!" என்று பூவம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். காரிடார் முழுக்க அந்தப் பாராட்டு ஓடி, லிஃப்ட் ஏறி இறங்கியது.

ஆம்ப்ரோஸ் கதவைச் சாத்தினார். உடம்பில் பாதி ஈரம், பாதி நெருப்பு.

"என்னடி இது? பாஸ் எப்படிப் பேசுவார்? அந்தப் போன்ல எப்படிடி..."

"ஏங்க, ஏன் பேசமாட்டார்?" ஜோசபின் துவைத்த சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட பேசினாரே."

ஆம்ப்ரோஸ் கண்ணில் இறங்கிய நுரையைத் துடைத்தார்.

"நான் ரெண்டே விஷயம் கேக்கறேன். போன் நெசம்னா பாஸ் சொன்னதும் நெசம், நான் வேலைக்குப் போறேன். போன் பொய்னா அதுக்குக் காவல் எதுக்கு? அப்பவும் நான் வேலைக்குப் போறேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க. பொய்னு சொல்றதா இருந்தா, கதவைத் தொறந்து பூவம்மாக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஃபாதர்கிட்ட ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்."

இதைத்தான் வாதம் என்பார்கள். பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டி உட்கார்ந்தாலும் இவ்வளவு சுத்தமாகக் கற்றுத் தரமாட்டார்கள். எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் ஜோசபின் கைப்பையோடு நிற்கிறாள்.

"உனக்கு... எப்படித் தெரியும்?" அவர் குரல் தரையில் ஊர்ந்தது.

"போனைத் தூக்கித் தொடச்சப்ப அடியில விரல் பட்டுச்சு, மணி அடிச்சுது. அலமாரிக்குப் பின்னாடியும் பெருக்கினேன். வயரு முனையில ஒரு கரப்பான் உக்காந்திருந்துச்சு. அதுதான் மிஸ்டர் குவெக் போலன்னு விட்டுட்டேன்."

ஆம்ப்ரோஸ் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கணக்குப் போட்டார். பொய் சொன்னவன் என்ற பெயரா, மனைவியை அனுப்பிய பெருந்தன்மைக்காரன் என்ற பெயரா? மானம் மானம் என்று குதித்தவருக்கு, மானத்தைக் காப்பாற்ற இப்போது ஒரே ஒரு வழிதான் மிச்சம்.

"பெரிய பாஸ் சொன்னா சரிதான்" என்றார் ஆம்ப்ரோஸ்.

முதல் தேதி ஜோசபின் வேலையில் சேர்ந்தாள். வார நாட்களில் போன் காவலைப் பூவம்மா விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, காய் நறுக்கியபடி, கண்ணை இந்தப் பக்கமே வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனக்கு லீவு என்றாள். அது வீட்டுக்காரர் பொறுப்பு.

முதல் ஞாயிறு. ஜோசபினுக்கு மதிய ஷிஃப்ட். நீலப் பாவாடை, வெள்ளை மேல்சட்டை, தோளில் கைப்பை.

"சோறு மூடி வச்சிருக்கேன். பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்க. வரட்டுமா?"

அவள் இறங்கிய லிஃப்ட்டிலேயே சேக் தாவூது ஏறி வந்தார். கழுத்தில் சிவப்புத் துணி, கையில் இரண்டு டிக்கெட்.

"அண்ணே, கெளம்புங்க! காலாங் ஸ்டேடியத்துல இப்பவே கூட்டமாம்."

ஆம்ப்ரோஸ் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழ முயன்றார். எதிரே பூவம்மா கத்தரிக்காயை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் வரலை பாய்."

"ஏன்? உடம்புக்கு என்ன?"

"பெரிய பாஸ் கூப்பிடுவார்."

"எதுல?"

ஆம்ப்ரோஸ் மெதுவாகக் கையை நீட்டிப் போனைக் காட்டினார்.

தாவூது போனைப் பார்த்தார். ஆம்ப்ரோஸைப் பார்த்தார். தன் கையால் தானே மூடிய அந்த வயிற்றை மறுபடியும் பார்த்தார்.

"அண்ணே... இதுலயா?"

"இதுலதான் பாய்" என்றார் ஆம்ப்ரோஸ், பூவம்மாவுக்குக் கேட்கும்படி உரக்க. "எப்ப வேணாலும் கூப்பிடுவார்."