சுண்டுவிரலுக்கு ஒரு விசில்

மஞ்சள் அட்டை வாங்காத மனிதர் எவராவது உண்டென்றால், அவர் கொல்கத்தா டாக்குரியாவில் எங்கள் கட்டடப் படியை மிதித்ததே இல்லை என்று அர்த்தம். தரைத்தளத்தில் குடியிருந்த ரெஃபரி சார் அப்படி. துறைமுக ஆபீஸ் வேலையோடு பேட்டைக் கால்பந்துக்கு விசில் ஊதியவர், ரிட்டயர் ஆனபின்னும் விசிலை விடவில்லை. படியில் செருப்பைக் குவித்தால் மஞ்சள். மீன்காரர் தராசில் விரல் வைத்தால் மஞ்சள். இரண்டாம் மாடித் தமிழ்க் குடும்பத்தின் வங்காள மாப்பிள்ளை சாம்பாருக்குச் சர்க்கரை கேட்டபோது நேராகச் சிவப்பு!

அந்தச் சிவப்பு ஒருமுறை என்னையும் காப்பாற்றியது.

நவராத்திரிக்கு முந்தின நாள். தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடியில் நான் கொலுவுக்கு இரும்புப் படியை இழுத்துக்கொண்டிருந்தேன். படி வரவில்லை, என் கால் சுண்டுவிரல்தான் அதில் போய் மோதியது. நான் போட்ட கத்தலில் பந்தல் வேலை நின்றது. கொஞ்ச நேரத்தில் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பருமனும் ஏறக்குறைய அதேதான்.

“காலை எடுத்துடுவாங்களாடி?”

“சுண்டுவிரல்ங்க அது,” என்றாள் மனைவி. “சோபா வரைக்கும் நடந்துதானே வந்தீங்க? ஒடைஞ்சிருந்தா நடக்க முடியுமா? சுளுக்குதான். இழுத்துவிட்டா சரியாயிடும்.” நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். நாங்கள் ‘பௌதி’, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு அம்மா, வங்காளிகள் சகலத்துக்கும் தடவும் பச்சை டியூப் க்ரீமோடு வந்துவிட்டார். நான் கண்ணை மூடி, உயிலைப் பற்றி யோசித்தேன்.

பீஈஈப்!

என் கத்தல் தரைத்தளம்வரை போயிருக்கிறது. வாசலில் மூச்சு வாங்கியபடி ரெஃபரி. எண்ணெய்க் கிண்ணத்துக்குச் சிவப்பு அட்டை!

“இழுக்காதீங்கம்மா! ஒடைஞ்ச விரலோட முழு ஆட்டம் ஆடினவனையே பார்த்திருக்கேன். நடக்கறதெல்லாம் கணக்கில்ல.” எலும்பின்மேல் மெல்லத் தொட்டார். நான் அலறினேன். “வீக்கம், நீலம், எலும்பு மேலயே வலி. ஒடைஞ்சிருக்கும்போல. ஆனா கோணலா இல்ல, மரத்துப்போகல, தோல் கிழியல. ஐஸைத் துணியில சுத்தி வைங்க. நீ காலைத் தூக்கித் தலகாணி மேல வைப்பா.”

“சார், இனிமே நடப்பேனா?”

“ஓடவே செய்வே. சும்மா உருண்டு நேரத்தைக் கடத்தினா உனக்கும் மஞ்சள்.”

கரியாஹாட்டில் எக்ஸ்ரே எடுத்தோம். மயிரிழை விரிசல். “ஆபரேஷன் வேண்டாம். பக்கத்து விரலோட சேர்த்துக் கட்டுங்க, கெட்டியான அடி உள்ள ஷூ போடுங்க, சில வாரத்துல கூடிடும்,” என்றார் டாக்டர். காலை வெட்ட வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பின் தினமும் சாயங்காலம் ரெஃபரி மேலே வருவார். இரண்டு விரலுக்கும் நடுவே பஞ்சு இருக்கிறதா, ஒட்டுப்பட்டை ரத்தம் ஓடாதபடி இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார். “ரெண்டும் இப்ப ஒரே டீம். பிரிச்சு வெளையாடாதே.”

தீபாவளியோடு வரும் காளி பூஜையும் முடிந்து, ஒருநாள் வலியில்லாமல் வாசல்வரை நடந்துபோய் அவரை வழியனுப்பினேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்த நான் அன்றுதான் அவர் படியிறங்குவதைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்து, தேய்ந்த முழங்காலோடு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

ஓடிப்போய் அவர் சட்டைப்பையிலிருந்த மஞ்சள் அட்டையை உருவி அவருக்கே காட்டினேன்.

“நாளையிலேர்ந்து நான் கீழ வரேன் சார்.”