குடிபூரலுக்குப் போன என் கதிரை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பக்கத்துப் புது வீட்டுக் குடிபூரலுக்கு நடந்து போக வேண்டும். எங்கள் முகாமையாளர் மிஸ் அங்கே வருவார். அவருக்கு முன்னால் கொஞ்சத் தூரம் நடந்து காட்ட வேண்டும். சாப்பிட வேண்டும். வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இதில் என்ன பிழை வரப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்குக் கனகாலமாக மூட்டுவாதம். காலையில் எழும்பியவுடன் என் கைவிரல்கள் எனக்குச் சொந்தமில்லை. சேட்டுப் பொத்தான்களை என் மனிசிதான் பூட்டிவிடுவாள். வலது முழங்கால் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் டொக்டர்மார் அதைக் கழற்றி எறிந்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பூட்டிவிட்டார்கள். இப்போது என் உடம்பில் ஒழுங்காக வேலை செய்கிற மூட்டு அது ஒன்றுதான்.

வேலை, கூட்டுறவுச் சங்கத்து நெல் களஞ்சியத்தில். சத்திரசிகிச்சைக்கு எடுத்த லீவு முடியப்போகிறது என்று மிஸ்சுக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, களஞ்சியத்தில ஏறி இறங்கிற வேலை" என்றார். "ஏலாத ஆளை விட்டிட்டு நான் பேச்சு வாங்கேலாது. ஞாயிறு சிவா வீட்டை வாறன்தானே. உங்களைப் பாத்திட்டு முடிவு சொல்லுறன்."

சிவா எங்கள் சங்கத்தின் லொறிச் சாரதி. என் பக்கத்து வீட்டுக்காரன். வீட்டுத் திட்டத்தில் கட்டத் தொடங்கிய வீட்டை ஒருவழியாக முடித்துக் குடிபூருகிறான்.

முடிவு என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் நான் என்ன செய்வேன்? யோசிப்பேன். ஏற்கெனவே யோசிக்கிறது காணாதா? என்னை நானே முழுநாளும் சகித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்ற எண்ணமே முழங்கால் வலியைவிட மோசமாக இருந்தது.

ஆகவே முற்றத்தில் நடந்து பழகினேன். மனிசி குசினி வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"நடை பரவாயில்லை. முகத்தைத்தான் மாத்துங்கோ. செத்தவீட்டுக்குப் போற மாதிரிக் கிடக்கு."

"இதுதானப்பா என்ர முகம்."

"அப்ப மிஸ் காலை மட்டும் பாக்கட்டும்."

இனிக் கதிரைக்கு வருகிறேன்.

முழங்கால் மாற்றினால் குந்தக்கூடாது. எங்கள் வீட்டிலோ குந்துகிற கக்கூஸ். அதனால் வவுனியாவில் ஒரு கொமட் கதிரை வாங்கினோம். நல்ல உயரம். இரண்டு பக்கமும் கைபிடி. மண்ணிறத்தில் மெத்தை மூடி. மூடியைத் தூக்கினால் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. வாளியை எடுத்துவிட்டு மூடியைப் போட்டால் ஒரு அமைச்சரே அமர்ந்திருக்கலாம்.

எங்கள் பக்கம் விசேச வீடு என்றால் அக்கம்பக்கத்துக் கதிரைகள் எல்லாம் அங்கே போய்விடும். மாறிப் போகாமல் இருக்க, முதுகுப் பக்கம் பெயிண்டில் பெயர் எழுதி வைப்போம். மனிசி இதில் கடும் கவனம். கொமட் கதிரை வீட்டுக்கு வந்த அன்றே, அதன் முதுகிலும் 'தவராசா' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டாள்.

"இதை ஆரப்பா களவெடுக்கப் போறான்?" என்று கேட்டேன்.

"ஆர் கண்டது?" என்றாள்.

ஞாயிறு காலை அதைக் கழுவி, வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கதிரையை முற்றத்தில் காயவிட்டிருக்கிறாள். பக்கத்தில்தான் சிவா வீட்டுக்குக் கொடுக்க வைத்திருந்த பிளாஸ்டிக் கதிரைகள். சிவாவின் மச்சான் நகுலன் லாண்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தில் வந்து, வாசல் படலைக்குள் நின்று கத்தினான்.

"அக்கா, கதிரை!"

"வெளியில கிடக்கு, ஏத்துங்கோ!" என்று மனிசி குசினிக்குள் இருந்தே சொன்னாள்.

அவன் ஏற்றிவிட்டான். எல்லாவற்றையும்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் அறைக்குள் வேட்டியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். மனிசி சமையலுக்கு உதவி செய்ய முன்னமே போய்விட்டாள். நான் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் புறப்பட்டேன். இது ஏமாற்று வேலையா என்று படலை வரைக்கும் யோசித்தேன். படலையைத் தாண்டியதும் வலி வந்தது. யோசனை போய்விட்டது.

சிவா வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்தேன். வாசலில் நிறைகுடம். அதற்குப் பக்கத்தில் காற்றாடி. காற்றாடிக்கு நேரே, வெள்ளைத் துவாய் விரித்து, தனியாக ஒரு கதிரை.

எனக்கு அந்தக் கைபிடிகளைத் தெரியும். தினமும் விடிய அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் என் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறேன்.

நகுலன் சிரித்தபடி வந்தான். "அண்ணை, உங்கட வீட்டுக் கதிரைதான்! இருக்கிறதுக்குள்ள அதுதான் திறம். மிஸ்சுக்கெண்டு போட்டிருக்கிறன்."

"அதை எடுத்திட்டு வேற ஒண்டு போடடா."

"ஏனண்ணை?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? புது வீடு. பால் காய்ச்சியாயிற்று. ஐயர் இன்னும் போகவில்லை. கக்கூஸ் கதிரையை நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய் என்று சொன்னால், சிவாவின் மாமியார் வீட்டைத் திரும்பவும் கழுவ வைப்பா. ஐயரைத் திரும்பவும் பூசைக்கு இருத்துவா. என்னை ஆயுளுக்கும் மறக்கமாட்டா.

"அதின்ர கால் ஆடும்" என்றேன்.

நகுலன் கதிரையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். "மலை மாதிரி நிக்குது அண்ணை!"

அந்த நேரம் பார்த்து வெளியே வாகனச் சத்தம். "மிஸ் வந்திட்டா!" என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு மூளை வேலை செய்யவில்லை. உடம்புதான் செய்தது. போய் அந்தக் கதிரையில் இருந்துவிட்டேன்.

மிஸ் உள்ளே வந்தார். பந்தலில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் மட்டும் துவாய்க்கு மேலே, காற்றாடிக்கு நேரே, ராசா மாதிரி இருந்தேன்.

நகுலன் குனிந்து காதுக்குள் சொன்னான். "அண்ணை, எழும்புங்கோ. அது மிஸ்சின்ர கதிரை."

"என்ர கதிரை. பின்னுக்குப் பேர் கிடக்கு, பார்."

"அதுக்காண்டி இப்பவே வந்து இருக்கிறதோ? பின்னேரம் கொண்டுவந்து தரமாட்டமே?"

சிவா ஓடி வந்தான். "தவண்ணை, என்ன இது சின்னப் பிள்ளை மாதிரி? மிஸ் நிக்கிறா!"

"நிக்கட்டும்."

நான் அப்படித்தான் சொன்னேன். வேலை கேட்டு வந்த இடத்தில், வேலை தருகிறவரைப் பார்த்து!

மனிசி சோற்றுத் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். கைபிடியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணால் உதவி கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டோடு திரும்பி குசினிப் பக்கம் ஓடிவிட்டாள். முப்பது வருசக் குடும்பம்!

மிஸ் கிட்ட வந்தார். கோபம் இல்லை. அதுதான் இன்னும் மோசம். மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"எழும்ப ஏலாமல் இருக்கோ ஐயா?"

குரலில் அவ்வளவு பரிவு. அந்தப் பரிவுக்குள் என் வேலை போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. நாளைக்கே வேறு ஆள் களஞ்சியத் திறப்புக் கொத்தை வாங்கிவிடுவான்.

இருந்தால் வேலை போகும். எழும்பினால் மானம் போகும். இரண்டையும் நிறுத்துப் பார்க்க நேரம் இல்லை. மானம் ஏற்கெனவே பாதிதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி தந்த பிள்ளை சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. முன்னுக்கு அரக்கி நகரு. முன்னுக்குக் குனி. பிறகு எழும்பு. அரக்கினேன். குனிந்தேன். கைபிடியைத் தொடாமல் ஒரே வீச்சில் எழும்பினேன்! மற்ற முழங்கால் பட்டாசு மாதிரி வெடித்தது. முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு நிறைகுடம் வரைக்கும் நடந்தேன். ஸ்டைலாகத் திரும்பினேன்.

"பாத்தீங்களோ மிஸ்?"

மிஸ் கதிரையில் இருந்துவிட்டார்.

ஒரு பெரிய மனுசி கொமட்டில் இருந்த பிறகு, அது கொமட் என்று சொல்வதற்கு எந்த நேரம் நல்ல நேரம்? ஐயரைத்தான் கேட்க வேண்டும்.

மிஸ் சாய்ந்தார். கைபிடிகளைத் தடவினார். முகம் மலர்ந்தது.

"நல்லா நடக்கிறியள் ஐயா. சும்மா பயந்து போனன்" என்றார். "இதென்ன, இவ்வளவு வசதியான கதிரை? எனக்கும் முழங்கால் பிடிப்புத்தான். சங்கக் கந்தோர்க் கதிரையில இருந்து எழும்பேக்க உயிர் போகும். இது உயரம் அளவா இருக்கு."

"ஓம் மிஸ். உயரம் நல்லம்."

"எங்க எடுத்தனீங்கள்?"

"வவுனியாவில."

"தளபாடக் கடையிலயோ?"

"மருந்துக் கடைக்குப் பக்கத்தில" என்றேன். உண்மைக்கு அதைவிடக் கிட்டப் போக எனக்குத் துணிவு வரவில்லை.

மிஸ் அதிலேயே இருந்து சாப்பிட்டார். பாயாசமும் குடித்தார். சிவாவின் மாமியார் வந்து, "பிள்ளைக்கு இடம் வசதியோ?" என்று கேட்டா. "அருமையா இருக்கம்மா" என்றார் மிஸ். மனிசி மட்டும் குசினிக்குள் இருந்து வெளியே வரவே இல்லை. இடைக்கிடை ஒரு இருமல் சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை.

போகும்போது மிஸ் சொன்னார். "நாளைக்குத் திங்கக்கிழமை வேலைக்கு வாங்கோ ஐயா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை கூப்பினேன். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. அதனால் என்ன? வேலை திரும்பக் கிடைத்துவிட்டது!

மிஸ் வாகனத்தில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

"வந்த உடன முதல் வேலையா, கந்தோருக்கு இந்தக் கதிரை ஆறு எடுக்கிறதுக்கு விலை கேளுங்கோ. ஒண்டு என்ர மேசைக்கு."

என் கதிரை பின்னேரம் வரைக்கும் வீட்டுக்கு வரவில்லை. அந்தப் பின்னேரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

திங்கட்கிழமை களஞ்சியத் திறப்பு என் கையில். வாசற்படியில் ஏறினேன், இறங்கினேன், யாரும் பார்க்காத இடத்தில் நின்று முனகினேன். பிறகு வவுனியாக் கடைக்குப் போன் எடுத்தேன்.

"ஆறோ?" என்றான் கடைக்காரன். "என்னண்ணை, ஊரோட ஒப்பிரேசனோ?"

"கந்தோருக்குத் தம்பி. முதல் ஒண்டு அனுப்புங்கோ. எங்கட மிஸ்சுக்கு."

"அனுப்பலாம் அண்ணை. ஆனா இருக்கிற ஆளின்ர நிறை எத்தினை கிலோ எண்டு சொல்லவேணும். அதைப் பாத்துத்தான் கதிரை தருவம்."

மிஸ்சிடம் அதை எப்படிக் கேட்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதற்கும் இன்னொரு லீவுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.