அரை விரல் அதிகம்

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார்த்தார் கண்ணாடிக்காரர். மூன்றாவது முறையும் அதே கதைதான். டிராக்டர் எஞ்சினுக்குள் எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி அரை விரல் உயரத்துக்கு நின்றது.

வண்டி வந்த அன்று கோட்டோடு கோடாக இருந்த எண்ணெய். இவர் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

"ஆயில் ஏறியிருக்கு," என்றார், பின்வாசலில் துணி உதறிக்கொண்டிருந்த மனைவியிடம்.

"ஏறினா நல்லதுதானே? குறைஞ்சாத்தானே கவலைப்படணும்?"

"ஆயில் என்ன குட்டியா போடும்? வேற ஏதோ ஒண்ணு உள்ள எறங்குது."

மனைவி துணியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். "எங்கப்பா வண்டிங்க அது."

சங்கடமே அதுதான். மாமனார் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். வீட்டுக்குப் பின்னால் கிடந்த அரை ஏக்கர் காலி நிலத்தை உழுது காய்கறி போடலாமென்று, அவருடைய அந்தச் சின்னச் சிவப்பு டிராக்டரை இரவல் கேட்டு மூன்று வருடமாக நடையாய் நடந்தார் கண்ணாடிக்காரர். "கடையில உக்காந்து மூக்குக் கண்ணாடிக்கு ஸ்குரூ போடற கை டிராக்டர் ஓட்டுமா?" என்பதற்கு மேல் பதில் கிடைத்ததில்லை.

அப்படிப்பட்டவர் போன ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "அடுத்த ஞாயிறு வரைக்கும் வெச்சுக்குங்க மாப்பிள்ளை. உங்களை நம்பாம வேற யாரை நம்பறது?" என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. வண்டியைக் கெடுத்து வைத்தால் இன்னொரு நல்ல வார்த்தைக்கு இன்னும் பதினோரு வருடம் காத்திருக்க வேண்டும். இன்றைக்குப் புதன்கிழமை.

"அதிகமா இருக்கறதை எடுத்துட்டா தீந்துது," என்று வண்டிக்கு அடியில் புகுந்தார்.

அடியில் ஒரு நட்டு இருந்தது. லேசாகத் தளர்த்தி, அரை விரல் எண்ணெயை மட்டும் வாளியில் பிடித்துவிட்டு இறுக்கிவிடலாம் என்பது திட்டம். நட்டு முதலில் அசையவே இல்லை. பிறகு அசைந்தது. பிறகு கையோடு வந்து வாளிக்குள் விழுந்தது. எண்ணெய்க்குள் கைவிட்டு அதைத் தேடி எடுப்பதற்குள் எஞ்சினில் இருந்த மொத்த எண்ணெயும் இறங்கி, வாளி நிறைந்து, தரையில் ஓடி, உதறி வைத்திருந்த துணிவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

மனைவி துணியை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

புது எண்ணெய் வாங்கி வந்து கோடுவரை ஊற்றினார். வியாழக்கிழமை காலை இரண்டு மணி நேரம் உழுதார். கலப்பை சரியாகத் தூக்கவில்லை. தனக்குத்தான் தூக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். வண்டியை நிறுத்தி, ஆறவிட்டுக் கம்பியை உருவினார். அரை விரல் அதிகம்.

"என்ன சார், ஆயில் ஏறுதா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் இடி மாதிரி வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குத்தான் கேட்கும்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே. மாமனாருக்குத் தெரியக் கூடாது."

"மாமனாருக்குத் தெரியாமப் பாத்துக்கலாம் சார்!" என்று ஹாரன் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டு மதிலேறிக் குதித்தார். "ரேடியேட்டர் தண்ணி உள்ள எறங்குதுன்னு நெனைக்கிறேன். சூடான வாணலியில ஒரு சொட்டு ஆயிலை விடுங்க. படபடன்னு வெடிச்சா தண்ணி. வெடிக்கலைன்னா வேற."

சமையலறையிலிருந்து வாணலி வந்தது. அடுப்பில் வைத்த கையோடு ஒரு கரண்டி எண்ணெயை விட்டார்கள். படபடவென்று வெடித்தது. இரண்டு பேரும் பின்னால் தாவினார்கள்.

"பாத்தீங்களா? தண்ணியேதான்!"

ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கும் பவுடர் ஒன்று கடையில் கிடைக்கும் என்றார் ஹாரன். ஒரு டப்பா போதும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. இரண்டு போட்டால் இரண்டு மடங்கு சீக்கிரம் அடையும் என்று இரண்டையும் கொட்டினார்கள். அடைந்தது. ஓட்டை மட்டுமல்ல, தண்ணீர் போகிற வழி பூராவும் அடைந்தது. கால் மணி நேரத்தில் வண்டி புகையாய் ஆவி விட்டது.

அப்போதுதான் மனைவி வாணலியைத் தேடிக்கொண்டு வந்தாள். "அப்பத்தானே கழுவிக் கவுத்திருந்தேன், ஈரம்கூடக் காயல. இதுல எதை ஊத்தினாலும் வெடிக்கத்தானே செய்யும்?"

ஹாரன் மதிலைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் ஹாரனைப் பார்த்தார்.

சாயங்காலம் மாமனார் போன் செய்தார்.

"வண்டி எப்படி ஓடுது மாப்பிள்ளை?"

"அருமையா ஓடுது மாமா."

"ஆயில் பாத்தீங்களா?"

"பா... பாத்தேன் மாமா. கோட்டோட கோடா இருக்கு."

"அப்படியா?" என்றார் மாமனார். பிறகு மறுபடி, "அப்படியா? எதுக்கும் தினமும் பாருங்க."

எவ்வளவு பொறுப்பான மனிதர், அவரிடம் போய்ப் பொய் சொல்லிவிட்டோமே என்று கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாரன் புதுத் தெம்போடு வந்தார். "தண்ணி இல்லைன்னா டீசல்தான் சார். ஒரு காகிதத்துல சொட்டு விட்டுப் பாப்போம். சொட்டைச் சுத்தி வளையம் விழுந்தா டீசல் கலந்திருக்கு."

கைக்கு அகப்பட்டது கடையிலிருந்து கொண்டுவந்திருந்த, கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை. அதில் விட்டார்கள். வளையம் விழுந்தது. எந்த எண்ணெயை விட்டாலும் அந்த அட்டையில் வளையம் விழும் என்பது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. அன்று மதியம் கடைக்கு வந்தவர்கள் நான்கு பேருக்கும் கடைசி இரண்டு வரி தெரியவில்லை என்பது தனிக் கதை.

ஹாரன் டீசல் பம்ப்பைக் கழற்றினார், பார்த்தார், தலையாட்டினார், மாட்டினார். எல்லாம் முடிந்தபின் தரையில் ஒரு வாஷர் கிடந்தது.

"இது இந்த வண்டியோடதா?"

"தெரியல சார். ஆனா பஸ்ஸோடது இல்ல."

அதுவரை ஓடவாவது ஓடிய வண்டி, அதற்குப் பிறகு கிளம்பவே இல்லை. பம்ப்பிலிருந்து டீசல் சொட்டிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை மனைவியே போய் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். அதிகம் பேசாத ஆள். எஞ்சின் எண்ணெயைத் தொட்டு, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய் சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு கம்பியை உருவினார். காய்ந்த முனைதான் வந்தது.

"இதைப் பாத்தீங்களா?"

"அங்கயும் ஒண்ணு இருக்கா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கலப்பையைத் தூக்கற ஆயில் பின்னாடி தனியா இருக்கு சார். அதைத் தள்ளற பம்ப் எஞ்சினோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல வளையல் மாதிரி ஒரு சீல். அது போச்சு. இங்க குறைஞ்சதுதான் அங்க கூடியிருக்கு. அதான் கலப்பையும் தூக்கல."

"அப்போ ரேடியேட்டரு? டீசல் பம்ப்பு?"

"நீங்க கை வெக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு."

மத்தியானத்துக்குள் ரேடியேட்டரைக் கழுவி, வாஷரை அதன் இடத்தில் சேர்த்து, எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார் மெக்கானிக். தேய்ந்து பிய்ந்த சீலைக் கழற்றிக் கண்ணாடிக்காரர் கையில் கொடுத்தார். "இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மார்க்கெட் பக்கம் ஒரே ஒரு கடைதான். அங்கயும் உடனே கிடைக்காது. சின்ன வண்டி, ஆர்டர் போட்டு வரவழைக்கணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வாரம், நாலு வாரம்."

கண்ணாடிக்காரர் அப்படியே வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடம் கெஞ்சி வாங்கிய வண்டி. ஆறே நாளில் இந்தக் கதி. ஸ்குரூ போடுகிற கை என்று மாமனார் சொன்னது சரியாகத்தான் போயிற்று. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"போய்க் கேட்டுட்டாவது வாங்க," என்றாள் மனைவி. "இருந்தா இருக்கு. இல்லைன்னா நாளைக்கு அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிடுவோம். அடிக்கவா போறாரு?"

"அடிச்சாக்கூடப் பரவாயில்ல. இனிமே என்னை நம்ப மாட்டாரே."

கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். கண்ணாடிக்காரர் பழைய சீலை மேஜைமேல் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சின்ன டிராக்டர். சிவப்பு. அதுக்குத்தானே?"

"ஆமாம்மா. நாளைக்குள்ள வேணும். எப்படியாவது பாத்துக் குடுங்க. வண்டி என்னோடது இல்ல, மாமனாரோடது. போன ஞாயித்துக்கிழமைதான் என்னை நம்பிக் குடுத்தாரு. என் கைக்கு வந்ததும் கெட்டுப்போச்சு. அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது."

அவள் குனிந்து, கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே புத்தம் புதிய சீல்.

"நீங்கதானா அந்த மாப்பிள்ளை?" என்றாள். "போன மாசமே பெரியவர் வந்து இதுக்கு ஆர்டர் போட்டுட்டு, 'சீல் வந்ததும் வண்டியைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்ல விட்டுடறேன், ஒரே வாரத்துல அவரே வந்து வாங்கிக்குவாரு'ன்னு சொல்லிட்டுப் போனாருங்க."