எலிப்பொறிக்காரர் குடியிருந்த வீடு

ஹாதர்பி,
பிப்ரவரி, விடாத மழை

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் அம்மா என்னோடு பேசிச் சில நாளாகிறது. ஆகவே நான் பாதி நலம், அவள் முழுக் கோபம் என்று திருத்தி வாசித்துக்கொள். நீயும் மருமகன் இயானும் வயிற்றில் இருக்கும் பேரப்பிள்ளையும் அபர்டீன் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்த வீட்டை விற்றுவிட்டு உன் தெருவிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு, ஏப்ரலில் குழந்தை பிறக்கும்போது அம்மா உன் பக்கத்தில் இருப்பாள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வீடு விற்கவில்லை. விற்க விடாமல் கெடுத்தது யார் என்று அம்மா உனக்குப் போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. நான்தான்.

எல்லாம் எங்கள் ஊர் வரலாற்று, நலச் சங்கத்தால் வந்தது. பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் சமையலறையில் நின்றுகொண்டு, அம்மா உருளைக்கிழங்கு உரிப்பதற்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். "வியாழக்கிழமை சாயங்காலமாவது எங்கேயாச்சும் போய் வாங்களேன். சங்கத்துல டீயும் பிஸ்கட்டும் தர்றாங்களாம்" என்றாள். போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கூடம், யாரும் கோட்டைக் கழற்ற முடியாத குளிர், தலைவி யாரென்று பார்த்தால் நம் எதிர்வீட்டு மிஸஸ் ஆர்மராட். நீ சின்ன வயதில் பந்தை உள்ளே அடித்தால் திருப்பித் தரமாட்டாரே, அவரேதான். பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதே குறுக்கிட்டு, அவர் சொல்லும் வருஷத்தைத் திருத்துகிறவர். வருஷத்துக்கு ஒருமுறை, ஊரில் வாழ்ந்த பெரிய மனிதர் ஒருவரின் வீட்டுச் சுவரில், இன்னார் இங்கே வாழ்ந்தார் என்று எழுதிய நீல வட்டப் பலகை பதிப்பது சங்கத்தின் வழக்கம். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. போன வருஷம் கிடைத்தவர் ஜோசையா த்ரெல்கெல்ட், ஒரே சமயத்தில் இரண்டு எலி பிடிக்கும் பொறியைக் கண்டுபிடித்தவர். டேனர் தெரு, பதினாலாம் எண்ணில் குடியிருந்தாராம். நான் சும்மா இல்லாமல், "அது நம்ம வீடாச்சே" என்றேன். கூட்டமே திரும்பி, இத்தனை காலம் அந்த ஆளைப் பரணில் ஒளித்துவைத்திருந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது.

அக்டோபரில் திறப்பு விழா. பலகையை மூடியிருந்தது மிஸஸ் ஆர்மராட் வீட்டுச் சமையலறைத் திரை. மேயர் கயிற்றை இழுத்தார், திரை வரவில்லை, இன்னும் பலமாக இழுத்தார், திரையோடு கம்பியும் கம்பியோடு நம் கூரைத் தண்ணீர்க் குழாயும் சேர்ந்து வந்து, ஒரு வார மழைத்தண்ணீர் அவர் கழுத்தில் கிடந்த மேயர் பதவிச் சங்கிலிமேல் கொட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். விழாவில் அதுவும் ஒரு அங்கம் என்று நினைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நம் ஜன்னல்முன் நிற்கிறார்கள். ஒருநாள் நான் பனியனோடு முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம், "பேரன்போல இருக்கு, அதே முழி" என்றார்.

இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள், ஏனென்றால் அதற்குள் வீடு வாங்க ஆள் வந்துவிட்டது. பிக்கரிங் தம்பதி, தங்கமான பிள்ளைகள், கேட்ட விலைக்குச் சம்மதம். ஒரே ஒரு ஆசை: காற்று புகும் நம் பழைய மர ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்க வேண்டும். அதற்கு நகராட்சியில் மனுப் போட்டார்கள். இங்கேதான் மகளே உன் அப்பா வருகிறான். ஊரில் யார் எதைக் கட்ட, இடிக்க, மாற்ற மனுப் போட்டாலும் எங்கள் சங்கம் கருத்துச் சொல்லும். கருத்து எப்போதும் ஒன்றுதான்: கூடாது. மனுக்களை வரிசையாக வாசிப்பார்கள், யாரும் காதில் வாங்கமாட்டோம், பிளாஸ்டிக் ஜன்னல் என்ற சொல் வந்தால் மட்டும் எதிர்ப்புக்குக் கை தானாக மேலே போகும். அன்றைக்குக் கடைசி மனு வாசிக்கும்போது டீ வண்டி உருண்டு வரும் சத்தமும் கேட்டதா, நான் எல்லாருக்கும் முந்திக் கையைத் தூக்கினேன். "மெட்காஃபே தூக்கிட்டார், அப்புறம் நமக்கென்ன" என்று மற்றவர்களும் தூக்கினார்கள். நான் என்னமோ பெரிய தியாகம் பண்ணினதுபோல மிஸஸ் ஆர்மராட் என் தோளைத் தட்டி, "சொந்த வீட்டு மனுன்னுகூட விடல பாருங்க, இதுதான் ஊர்ப்பற்று" என்றபோதுதான் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

நகராட்சி மனுவைத் தள்ளிவிட்டது. பிக்கரிங் தம்பதி வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அம்மா என்னைப் பார்த்துக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகலாம்னு பெட்டிய எறக்கி வச்சேன். அதுல இப்ப உங்க சங்கத்து பேப்பரப் போட்டு வச்சிருக்கீங்க" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இன்னும் இருக்கு, கேளு. போன வாரம் சங்கத்தின் துப்புரவு நாள். ஏணி ஏறத் தெரிந்த உறுப்பினர் நான் ஒருவன்தான் என்பதால், மிஸஸ் ஆர்மராட் வீட்டு வாசலில் அடர்ந்து கிடக்கும் ஊதாப்பூக் கொடியைக் கழிக்க என்னை ஏற்றினார்கள். வெட்டிக்கொண்டே போனேன். வாசல் நிலைக்கு மேலே கல்லில் பழைய எழுத்தில் செதுக்கியிருக்கிறது: பதினாலு. அந்தக் காலத்தில் தெருவுக்கு வேறு வரிசையில் எண் போட்டிருந்தார்கள் போல. எலிப்பொறிக்காரர் இருந்தது அவர் வீட்டில், நம் வீட்டில் இல்லை. அதோடு கொடி மறைத்திருந்த முன் ஜன்னல்களும் தெரிந்தன. அத்தனையும் பிளாஸ்டிக். ஏணியிலிருந்தே சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்து, "வெட்டினது போதும், எறங்குங்க" என்றார். நான் விடுவேனா, அந்த வியாழக்கிழமைக் கூட்டத்திலேயே எழுந்து, பலகையை எடுத்துச் சரியான வீட்டில் வையுங்கள், நான் என் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகிறேன் என்று சொன்னேன். "மிஸ்டர் மெட்காஃப் சொன்னது குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்தது, பூங்காவில் நாய் அசிங்கம்" என்றார் தலைவி.

ஆகவே மகளே, இதுதான் நிலைமை. ராஜினாமா கொடுத்துவிட்டேன். வாங்க யாரும் வருவதாக இல்லை. ஏப்ரலுக்கு எங்களை நம்பாதே, இயானின் அம்மாவைக் கூப்பிட்டுக்கொள். அம்மாவுக்கு ஒரு வார்த்தை போன் செய், என்னைத் திட்டுவதற்காகவாவது அவள் வாய் திறக்கட்டும். மாடிப்படியில் பார்த்து இறங்கு, கால் வீங்கினால் தலையணைமேல் வைத்துக்கொள், குழந்தைக்கு உன் மூளையும் அம்மாவின் பொறுமையும் வரட்டும், என்னுடையது எதுவும் வர வேண்டாம்.

அன்புள்ள அப்பா,
வில்ஃப்ரெட் மெட்காஃப்

பின்குறிப்பு: இயானின் அம்மாவைக் கூப்பிடாதே. தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. கனடாவிலிருந்து ஒருவர், பெயர் த்ரெல்கெல்ட், எலிப்பொறிக்காரரின் கொள்ளுப்பேரன், பூர்வீக வீட்டை வாங்க வந்திருக்கிறார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அம்மா மேஜைக்கடியில் என் காலை மிதிக்க மிதிக்க, "ஐயா, உண்மையான வீடு எதிர்வீடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "முதல்ல அங்கதான் போனேன். தலைவியம்மா கதவைச் சாத்திட்டு, பலகை எங்க இருக்கோ அதுதான் வீடுன்னுட்டாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. எங்க கொள்ளுத்தாத்தா பிளாஸ்டிக் ஜன்னல் வீட்ல இருந்திருப்பாரா?" என்றார். நம் மர ஜன்னல் வழியாக வந்த காற்றில் தேநீர் ஆறிப்போனது, அதையும் ரசித்துக் குடித்தார். கேட்ட விலைக்கே முடிந்தது. மார்ச் கடைசியில் வருகிறோம். உங்கள் ஊரில் இந்த மாதிரி ஒரு சங்கம் இருக்கிறதா என்று விசாரித்து வை. அம்மா மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். இதை எட்டிப் பார்த்து, "இருந்தா சொல்லாதன்னு எழுதுங்க" என்கிறாள்.