பெல்மோரா நூல்களும் எட்டிமரத்தூர் ரோடும்

1978 வரை உலகத்தில் நூல் விமர்சனக் கலை தவழ்ந்துகொண்டுதான் இருந்தது. அது எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிய இடம், ஜவ்வாது மலையில் இருக்கும் எட்டிமரத்தூர். லண்டன்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வயிற்றெரிச்சல்.

ஊருக்கு ரோடு கிடையாது. ஒடுகத்தூர்ப் பக்கம் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆறு மைல் ஒற்றையடிப் பாதை. ஆனாலும் அங்கே 'அகில உலக பெல்மோரா நூலாய்வுக் கழகம்' ஞாயிறு தவறாமல் கூடியது. பெல்மோரா என்பது இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்புச் சீமைக் கார், ஸ்போர்ட்ஸ் கார். அதைப் பற்றிய மூன்று இங்கிலீஷ் புத்தகங்களை மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தவர் கழகத் தலைவர் பஞ்சாட்சரம். ரோடு போட அளவெடுக்க வந்த ஓவர்சீயர். அவருடைய சொந்த வாகனம் சைக்கிள். அதுவும் மலையேறாததால் ஒடுகத்தூர் சோடாக் கடையில் சாய்ந்து நின்றது. வாத்தியார் கண்ணாயிரமும் ஃபாரஸ்ட் கார்டு காசியும் மற்ற உறுப்பினர்கள். மூவரில் ஒருவரும் அந்தக் காரை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நடுநிலைமை கெட்டிருக்கும்.

தீர்த்தகிரிக்கு இவர்கள் மேல் அளவற்ற மரியாதை. அவன் சாமை விதைக்கிற மலைக்காரன். ஓவர்சீயர் அளந்தபோது சங்கிலி பிடித்தவன். அவன் மனைவி வடிவுக்கு ஆடியில் பேறுகாலம். தலைப்பிள்ளைக்கு வலி கண்டபோது டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அதனால் அளவுச் சங்கிலியை அவன் தேர்வடம் பிடிப்பதுபோலப் பிடித்தான். அறிக்கை போனால் ஆடிக்குள் ஜீப் ஏறுகிற அளவுக்கு மண் ரோடாவது வந்துவிடும் என்று ஓவர்சீயரே சொல்லியிருந்தார்.

பங்குனி பிறந்தது. அளந்து முடித்தாயிற்று. அறிக்கை எழுதுவதற்குள் கழகத்தில் கருத்து வேறுபாடு முற்றிவிட்டது.

"மூணாவது புஸ்தகம் சுத்த மோசம்" என்றார் கண்ணாயிரம். "எல்லாப் படத்துலயும் ஸ்டியரிங்கு எடது பக்கம் கீது. இது நம்ம பண்பாடா?"

"பண்பாட்ட வுடு வாத்தியாரே, அதுல பனியில ஓடுற படம் கீது பாரு" என்றார் காசி. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தை மட்டும் பார்த்ததால், எழுத்தாளனின் சூழ்ச்சிக்கு ஆளாகாத ஒரே விமர்சகர் அவர்தான்.

"மொத புஸ்தகம் ஏழு விநாடியில அறுபது மைல் வேகம்ங்குது. ரெண்டாவது எட்டுங்குது. இந்த ஒரு விநாடி எங்க போச்சு? அத யோசிங்க" என்றார் தலைவர். மூன்று வாரம் யோசித்தார்கள்.

தீர்த்தகிரி பணிவாக ஒரு சந்தேகம் கேட்டான். "சார், அந்தக் காரு நம்ம ஊருக்கு எப்படிங்க வரும்?"

"இது நூல் விமர்சனம்பா. காரியத்தப் பத்தியெல்லாம் இங்க பேசக் கூடாது" என்றார் தலைவர்.

கடைசியில் தலைவரே தீர்ப்பு எழுதினார். இருபது வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் அவருக்குக் கைவந்த நடை ஒன்றே ஒன்று. ஆகவே நூல் விமர்சனமும் 'பொருள்: பெல்மோரா, அதிவேகம், வளைவுகளில் சறுக்காமை, குறித்து' என்று தொடங்கி 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடிந்தது. ரோடு அறிக்கையும் 'பொருள்' என்றே தொடங்கி அப்படியே முடிந்தது. இரண்டும் ஒரே மேஜையில், ஒரே மாதிரிக் காகிதத்தில் கிடந்தன. அவர் ஒன்றை உறையில் போட்டு ஒட்டி மேலிடத்துக்கு அனுப்பி, மற்றதைக் கழகக் கோப்பில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு விமர்சனத்தை வாசிக்கக் கோப்பைப் பிரித்தால், உள்ளே ரோடு அறிக்கை.

கூட்டம் கூடிவிட்டதே, வீணாக்க முடியுமா? அதையே விமர்சித்தார்கள். "கல்லுங்கிற வார்த்த ரொம்ப வருது" என்றார் வாத்தியார். "படமே இல்ல" என்றார் காசி.

தீர்த்தகிரி துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தான். "சார், நான் இப்பவே ஓடிப்போய் இதக் குடுத்துட்டு வர்றேங்க."

"அவசரப்படாத. இப்ப குடுத்தா நாம தப்பு பண்ணோம்னு ஒத்துக்கினாப்ல ஆயிடும். மேல படிச்சுப் பாத்துட்டு அவங்களே திருப்பி அனுப்புவாங்க" என்றார் ஓவர்சீயர்.

மேலிடம் படித்தது. ஆனியில் பதில் வந்தது: 'மேற்படி சாலையில் வாகனங்கள் ஏழு விநாடியில் அறுபது மைல் வேகத்தை எட்டுவதும், வளைவுகளில் சறுக்காததும் மனநிறைவுடன் குறித்துக்கொள்ளப்பட்டன. இத்தகைய சாலை இருக்க, இன்னொன்று கோருவது ஏற்கத்தக்கதல்ல. பொதுமக்கள் நலன் கருதி எச்சரிக்கைப் பலகை ஒன்று அனுப்பலாகிறது.'

பலகையும் வந்தது. 'வேகத்தைக் குறைக்கவும்.' அடிவாரத்திலிருந்து நாலு பேர் அதைத் தலையில் சுமந்து, வழியில் ஏழு தடவை இளைப்பாறி, மூன்றாவது மைலில் நட்டார்கள். ஓவர்சீயர் மறுத்து ஒரு வரி எழுதவில்லை. மேலிடம் இருக்கிறது என்று சொன்ன ரோட்டை, கீழே இருப்பவர் இல்லை என்று சொல்வது ஒழுங்கீனம்.

ஆடி ஐந்தாம் தேதி, வெயில் ஏறுகிற வேளையில் வடிவுக்கு வலி கண்டது. டோலி கட்டினார்கள். தூக்க ஓர் ஆள் குறைந்தது. ஓவர்சீயரே தோள் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இதில் பெரிய கஷ்டம். தீர்த்தகிரிக்கு முன்னால் நடக்கிறவன் முதுகைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. போன தடவையும் இப்படித்தான் இருந்தது.

மூன்றாவது மைலில் வடிவு கத்தினாள். "எறக்குங்க! இனி தாங்காது!"

பலகையின் கம்பத்துக்கும் ஒரு புளியமரத்துக்கும் நடுவே புடவையை இழுத்துக் கட்டினார்கள். கூட வந்த மருத்துவச்சி செல்லியம்மாள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பிள்ளை அழுதது. நன்றாகவே அழுதது. தீர்த்தகிரியும் கூடச் சேர்ந்து அழுதான்.

"பொட்டப் புள்ள. ரெண்டு உசுரும் பொழச்சுதுப்பா" என்றாள் செல்லியம்மாள்.

ஓவர்சீயர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாக்கெட் நோட்டை எடுத்தார். ஒடுகத்தூரில் பிறப்பைப் பதிய வேண்டும். எழுதத் தெரிந்தவர் அவர்தான். பெற்றோர் பெயர், தேதி, நேரமெல்லாம் மளமளவென்று எழுதினார். பிறந்த இடம் என்கிற வரியில் பேனா நின்றது. பலகையைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார்.

"தீர்த்தகிரி, 'எட்டிமரத்தூர் ரோட்டுல'ன்னு போட்டுடறேன். இன்னா சொல்ற? சர்க்கார் காயிதத்துக்கு முரண்பாடா எழுதக் கூடாது பாரு."

தீர்த்தகிரி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னான்: "தாராளமாப் போடுங்க சார். அப்படியே பக்கத்துல, மொதப் புள்ள செத்ததும் இதே ரோட்டுலதான்னு எழுதிடுங்க. ரோடு இல்லாததால செத்துச்சுன்னு இத்தினி நாளா விதிய நொந்துனு கெடந்தோம். ரோடு இருந்தும் செத்துச்சுன்னா யாரோ கொன்னுருக்காங்க. அவங்க பேரையும் நீங்களே எழுதிடுங்க."