ஒயர் உள்ள காரே போதும், மகனே

சித்தூர் (பாலக்காடு),
செவ்வாய்க்கிழமை.

பிரியமுள்ள மகன் நௌஃபலுக்கு, அத்தா அலவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை நஜ்மாவும் சுகம். கோயமுத்தூரில் உன் அக்கா முஹ்சினா வீட்டிலும் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்துக்கு ஐந்து நேரமும் துவா செய்கிறோம். நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன காரும் சுகம்தான். அதனால் எங்களுக்குத்தான் சுகமில்லை.

இந்தக் காலத்தில் யாராவது காகிதத்தில் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் சொல்வது காருக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்பும் உன் சிநேகிதன் பாசில் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டி வைக்கும்படி உன் அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன்.

கார் கடையில் ஜிஸ்மி என்ற அந்தப் பெண் சாவியைக் கொடுத்தபோது என்ன சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? "ஒயரே வேண்டாம் அங்கிள், நீங்க ஏறி உட்கார்ந்தா போதும், போனும் காரும் தானாப் பேசிக்கும்" என்றாள். தானாகப் பேசிக்கொள்வது நல்ல வழக்கமா என்று நான் அன்றே கேட்டேன், நீதான் என் கையை அமுக்கினாய். நீ விமானம் ஏறிய மறுவாரம் நான் நம் ஜவுளிக் கடைக்குப் புறப்பட்டேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானை அமுக்கி "கடை" என்றேன். எனக்கு வழி தெரியாதா, தெரியும், ஆனாலும் காசு போட்டு வாங்கிய பொருள், உபயோகிக்காமல் விட மனசு வரவில்லை. காரில் வழி சொல்லும் அந்த வரைபடக்காரியும் இடது என்றாள், வலது என்றாள், நானும் ஏதோ புதுக் குறுக்குவழி போலிருக்கிறது என்று நம்பி, வயல் வரப்பை ஒட்டிப் போய், ஒரு தென்னந்தோப்பு திரும்பி, "சேருமிடம் வந்துவிட்டது" என்று அவள் சொன்ன இடத்தில் நிறுத்திப் பார்த்தால் கள்ளுக்கடை! நான் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து ஷைஜு, நம் கடையில் வேட்டி எடுக்கிறவன்தான், ஓடி வந்து கதவைத் திறந்து, "இக்கா, வரூ வரூ, மீன்கறி உண்டு" என்கிறான். மதியம் லுஹர் தொழுகைக்குப் போனபோது பள்ளிவாசலில் அத்தனை பேரும் என்னை விசாரித்தார்கள். "வழி தவறிட்டேனுங்க" என்றேன். "தெரியுது" என்றார்கள்.

அந்தக் கோபத்தில் என் போனில் இருந்த அந்த நீலக் குறியை, புளூடூத்தாமே, அதை அணைத்துவிட்டேன். இனி ஒருத்தருக்கும் தொல்லையில்லை என்று நினைத்தேன். மறுநாள் வாசலில் வண்டியைக் கிளப்பினால், பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கவும்" என்கிறது. தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி, "யாருங்கம்மா நீங்க?" என்று கேட்டேவிட்டேன். சீட்டில் ஒருவரும் இல்லை. உன் அம்மா அடுப்படியில் போனில் சமையல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவள் போனையும் நீ காரில் சேர்த்துவிட்டுப் போயிருந்தாயாம், என் போன் இல்லையென்றதும் கார் சுவரைத் தாண்டி அதைப் பிடித்துக்கொண்டதாம். இப்படியொரு வண்டியை நான் கேள்விப்பட்டதில்லை. "ஏனுங்க, இதுக்கா ஊரைக் கூட்டறீங்க?" என்று அவள் சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். விட்டது தப்பு.

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் சாந்தன்பாறையிலிருந்து மீராசா ராவுத்தர் வந்திருந்தார். ஏலக்காய் வியாபாரி, தேவிகுளம் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் அன்சிலுடைய அத்தா. போன மாதம் குடும்பத்தோடு வந்து நஜ்மாவைப் பார்த்துப் போனவர், இப்போது நம் பதிலைக் கேட்டுப்போகத் தனியாக வந்தார். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதமே நிக்காஹ் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். நல்ல இடம், நல்ல பையன், யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவரை பஸ் ஸ்டாண்டில் விடுவதற்காகக் காரில் ஏற்றி, வண்டியைக் கிளப்பினேன்.

கிளப்பியதும் கார் மணி அடிக்கிறது. திரையில் முஹ்சினா பெயர். அவள் அம்மாவைக் கூப்பிடுகிறாள், அது இங்கே வந்து நிற்கிறது. நிறுத்தலாம் என்று ஒரு பொத்தானை அமுக்கினேன், அது எடுக்கிற பொத்தான்.

"அம்மா, நீங்க ஒன்னும் பேச வேண்டாம், நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்று அவள் ஆரம்பித்தாள். "அத்தா அடுத்த மாசமே நிக்காஹ்னு சொல்லிப்போட்டாராமா? நஜ்மாவுக்குப் பையனப் புடிச்சிருக்குது. ஆனா எம்.எஸ்ஸி. பாதியில நிக்குது, முடிச்சுப்போட்டுத்தான் போவேன்னு அழுகுறா. அத்தாகிட்டச் சொல்லப் பயமாம்."

நான் வேறொரு பொத்தானை அமுக்கினேன். வைப்பர் ஓடியது. இன்னொன்றைத் திருகினேன். முஹ்சினாவின் குரல் தெருவுக்கே கேட்கும்படி கூடிவிட்டது.

"பையனோட அத்தா நல்ல மனுசன்தானாம். என்ன, ஏலக்காயப் பத்தி ஆரம்பிச்சாருன்னா சோறு ஆறிப்போனாலும் நிறுத்தமாட்டாராம்!"

மகனே, அந்த நேரம் பூமி பிளந்து காரோடு என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மீராசா திரையை நோக்கிக் குனிந்தார். "அம்மாடி, ஏலக்கா பேசுறேன்" என்றார்.

முஹ்சினா குரலை இறக்கி, "அத்தா பக்கத்துல இருக்காருங்களா?" என்றாள்.

"இருக்காரு தாயி. ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்காரு. நீ வை, நாங்க பேசிக்கிறோம்."

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தவும் எனக்குத் தெரியவில்லை. மீராசா என் தோளில் கைபோட்டார். "என்ன மச்சான், பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கலியா?" என்றார். இறங்கி நேராக அடுப்படிக்குப் போனேன். நஜ்மா நின்றுகொண்டிருந்தாள், கண் வீங்கியிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

"ஏன் புள்ள, அத்தாகிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே அத்தா" என்றாள்.

கடையில் ஒரு கைக்குட்டை எடுக்க வருகிறவரிடம்கூட எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்கிறவன் நான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். வாசற்படியில் நின்ற மீராசாதான் பேசினார். "பரீட்சை எழுதி முடிக்கட்டும் மச்சான். அங்கிட்டு மலை எங்கயும் ஓடிப்போகாது. அன்சிலும் காத்திருப்பான், நான் சொல்லிக்கிறேன்." நஜ்மா சிரித்தாள் பார், அதற்காக இன்னொரு தடவைகூடக் கள்ளுக்கடைக்குப் போய் நிற்பேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. மனம் நொந்துவிட்டாரோ என்று தவித்துப்போனேன். வண்டியை நிறுத்தியதும், "ஒன்னே ஒன்னு சொல்லிக்கிறேன் மச்சான், இந்த வருசம் மழை பிந்திப்போச்சா..." என்று ஏலக்காயை ஆரம்பித்தார். பாலக்காட்டு பஸ் ஒன்று போய், அடுத்ததும் போனது. ஒன்று விடாமல் கேட்டேன்.

நல்லபடி முடிந்தது என்றாலும் மகனே, எல்லா நாளும் ஒரு மீராசா கிடைப்பாரா? ஆகவே நீ லீவில் வந்ததும் முதல் வேலையாக காருக்கும் போனுக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை அறுத்துவிடு. ஒயர் வைத்து மாட்டுகிற ஏற்பாடு ஒன்று வாங்கி வா. வேண்டாமென்றால் பிடுங்கிப்போடலாம். ஒரு குடும்பத்துக்கு ரகசியம் என்று ஏதாவது வேண்டாமா?

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. உன் உழைப்பில் பரக்கத்தும் உடம்பில் ஆரோக்கியமும் அல்லாஹ் நிறையத் தருவானாக.

இப்படிக்கு, உன் நன்மையையே நினைத்திருக்கும் அத்தா,
அலவி.

பி.கு: நௌஃபலு, இது அம்மா எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்தாரு, படிச்சுப்போட்டு ஒட்டறேன். வண்டி கெளம்புனா என் போனு அதுல ஏறிக்கும்னு வெங்காயம் வதக்குன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கெழம கார்க் கதவு சாத்துற சத்தம் கேட்டதும் நஜ்மா போன்லயிருந்து முஹ்சினாவுக்கு "இப்பக் கூப்புடு"ன்னு மெசேஜ் போட்டதே நாந்தான். உங்கத்தா அடுத்த மாசமேன்னு வாக்குக் குடுக்கப்போறாருன்னு தெரிஞ்சுதான், என்ன பேசோணும்னும் காலையிலயே சொல்லிக் குடுத்திருந்தேன். நேருல சொன்னா உங்கத்தா பாதியில எந்திரிச்சுக் கடைக்குப் போயிருவாரு, கார்ல பெல்ட்டு போட்டு உக்காந்தா எங்க போறது? அந்த ஏலக்காய் மட்டும் உங்கக்கா தானாச் சேத்துக்கிட்டது, அதுக்கு அவளுக்குத் தனியா இருக்குது. நீ ஒயரு கியரு ஒன்னும் வாங்கியாராதே. படிப்பு முடிஞ்சதும் நஜ்மா வேலைக்குப் போறதப் பத்தி இன்னும் உங்கத்தாகிட்டப் பேச வேண்டியிருக்குது.